கொட்டாஞ்சேனை ஒழுங்கை வடிகான்: எந்த உறுப்பினரைப் பிடிப்பது?

கேள்வி: மழை பெய்தால் கானுத் தண்ணி வாசல்படி வரை. கொழும்பு மாநகர சபையில் 117 உறுப்பினர்கள் இருக்கினமாம், எங்கட ஆள் யார்?

பதில் 1: 60 வீதம் வட்டாரத்தில் வென்றவர்கள், 40 வீதம் கட்சிப் பட்டியலில் வந்தவர்கள். வட்டார உறுப்பினரிடம் முதலில் போங்கோ. சில வட்டாரங்களுக்கு ஒருவருக்கு மேல் உண்டு. எல்லாருக்கும் ஒரே கடிதம். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். ஒழுங்கைப் பெயர், பக்கத்து வீட்டு இலக்கம், அடைத்த மூடியின் படம் வையுங்கோ. பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீங்கோ.

பதில் 2: முதல்ல கான் யாருடையது எண்டு பாருங்கோ. தொடர்மாடி வளவுக்குள்ள எண்டால் நகர அபிவிருத்தி அதிகார சபை அல்லது அந்தத் தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம்தான் பொறுப்பு, மாநகர சபை இல்லை. பாதி முறைப்பாடு இங்கதான் செத்துப்போகுது.

பதில் 3: தமிழிலேயே எழுதுங்கோ; தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு உரிமை. சிங்களத்தில் வந்தால் திருப்பிக் கேளுங்கோ. பதிலே இல்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கோ: 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "ஏன் துப்புரவாக்கவில்லை" என்று கேட்காதீங்கோ, நழுவுவினம். "கடைசியாகத் துப்புரவாக்கிய திகதி, வேலைப் பதிவேட்டுப் பிரதி" என்று கேளுங்கோ.