கேரம், ஸ்கோர் ஷீட், ஸ்டாஃப் ரூம் லேப்டாப்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தைப் பகிருங்கள்

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர்

2025ல வகுப்புகளுக்கு இடையிலான கேரம். சென்னைப் பொண்ணு காசிமா அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில 3 தங்கம் வாங்கினதிலிருந்து நம்ம பக்கம் பிள்ளைங்க எவ்வளவு ஆர்வமா இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வரேன். ஸ்கோரெல்லாம் எக்செல்ல, ப்ரொஜெக்டர்ல எல்லாரும் பார்க்கிற மாதிரி. ஒரு கட்டத்துல 25-8னு அடிச்சு எண்டர் தட்டினதும் அது ஆகஸ்ட் 25 ஆயிடுச்சு. 25-11 நவம்பர் 25 ஆச்சு. ஆனா 25-13, 25-0 ரெண்டும் அடிச்சபடியே நின்னுச்சு.

காரணம் இதுதான். லேப்டாப்ல தேதி அமைப்பு இந்தியாவுக்கு இருந்தா, முதல் எண் நாள், ரெண்டாவது எண் மாசம். தோத்தவங்க 1 முதல் 12 வரைக்கும் எடுத்திருந்தா அது மாசமாப் பொருந்திடும். 12க்கு மேல மாசம் கிடையாது, அதனால வெறும் எழுத்தா விட்டுடும். கட்டத்தைப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம்: தேதி ஆனது வலது ஓரத்துல ஒட்டும், எழுத்தா நின்னது இடது ஓரத்துல.

சரி பண்ணப் போய்தான் இன்னும் கெட்டுச்சு. அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்'னு மாத்தினதும் திரையில 45894னு வந்து நின்னுச்சு. எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்காரங்க எடுத்த 8 பாயிண்ட்டை அதுல எங்கே தேடுறது? எக்செல் 1900 ஜனவரி 1ஐ 1னு வெச்சு நாளை எண்ணிக்கிட்டே வருது. அந்தக் கணக்குல 2025 ஆகஸ்ட் 25 வர்றது 45894. முதல்லயே மொத்தப் பத்தியையும் டெக்ஸ்ட் ஆக்கிட்டு அப்புறம் அடிச்சிருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல.

ரெட்டுக்கு ஃபாலோ

டீச்சர், தேதியை நான் குத்தம் சொல்ல மாட்டேன். 25-8ஐ ஒரே கட்டத்துல அடிச்சதுதான் தப்பு. அடிக்க வேண்டியது கேமோட முடிவு இல்ல, ஒவ்வொரு போர்டும் (அதாவது காய் அடுக்கி ஆடி முடிக்கிற ஒவ்வொரு சுற்றும்). ஒரு கேம் 25 பாயிண்ட் அல்லது 8 போர்டு, எது முதல்ல வருதோ அது. போர்டுக்கு ஒரு வரி. போர்டு எண், ஜெயிச்சது யார், எதிராளிக்கு மிச்சம் இருந்த காய், ரெட், அதாவது சிவப்புக் காய், ஜெயிச்சவங்களுக்கா (ஆம் 1, இல்லைனா 0), அதுவரை மொத்தம். ஒரு வரியில அதிகபட்சம் 9 காயும் ரெட்டுக்கு 3ம் சேர்ந்து 12தான். 12க்கு மேல வந்தா அடிச்சவர் தப்பா அடிச்சிருக்கார்னு உடனே தெரிஞ்சிடும்.

என்னை உறுத்துறது இந்த ரெட் கணக்கு. வேற ஒரு பள்ளிக்கூடத்து ஷீட்ல பார்த்தது. பையன் 19ல நிக்கிறான். எதிராளிக்கு 3 காய் மிச்சம், ரெட்டும் ஃபாலோவும் (ரெட்டைத் தொடர்ந்து போட வேண்டிய தன் காய்) இவனே போட்டிருக்கான். 19+3+3, கேம் முடிஞ்சது. ஷீட்டோ 22னு காட்டுது. நடுவர் ஷீட்டை நம்பி அடுத்த போர்டுக்குக் காய் அடுக்கச் சொல்லிட்டார். பையன் ஸ்ட்ரைக்கரைக் கையில பிடிச்சபடி திரையையே பார்த்துக்கிட்டு இருந்தான், ஒரு வார்த்தை பேசல.

21 வரைக்கும் ரெட்டுக்கு 3 உண்டு. 22ஐத் தொட்டுட்டா கிடையாது. ஆனா பார்க்க வேண்டியது அந்த போர்டு தொடங்கும்போது இருந்த மொத்தம். அந்த ஷீட்ல காயைக் கூட்டின பிறகு வந்த மொத்தத்தைப் பார்த்து நிபந்தனை போட்டிருந்தாங்க. 19+3=22, அதனால ரெட்டை வெட்டிடுச்சு. இஃப் ஃபார்முலா மேல் வரியோட மொத்தத்தைத்தான் பார்க்கணும். அதுலயும் <21னு போடாதீங்க, <=21. கடைசியில மின் (MIN) ஃபார்முலா போட்டு 25ல நிறுத்துங்க, இல்லைனா 28, 30னு வந்து நிக்கும். தோத்தவங்க ரெட் எடுத்திருந்தா அந்த 3 யாருக்கும் போகாது, அதுக்கு 0தான்.

காசிமேடு பி.டி. சார்

ரெண்டு பேரும் மன்னிக்கணும். ஸ்கோரைப் பேப்பர்ல பேனாவால எழுதி, ரெண்டு ஆட்டக்காரர்கிட்டயும் ஒவ்வொரு போர்டுக்கும் கையெழுத்து வாங்கினா 19ஆ 22ஆன்னு தகராறே வராது. அப்புறமா ஷீட்ல ஏத்திக்கலாம். மரிய இருதயம் அண்ணன் 1991லயும் 1995லயும் உலக சாம்பியன் ஆனப்ப எந்த ஷீட் இருந்தது?

எனக்கு மறக்காதது ஒரு நவம்பர் மாசம். முந்தின நாள் வரைக்கும் வழுக்கின போர்டு, காலையில ஸ்ட்ரைக்கரை அடிச்சா நடுவுலயே நின்னுடுச்சு. மேல தொங்கின 60 வாட் குண்டு பல்பைக் கழட்டிட்டு 9 வாட் எல்இடி மாட்டியிருந்தாங்க. வெளிச்சம் அதேதான், சூடுதான் இல்ல. கடற்காத்து ஈரத்தைக் காய வைக்கிற வேலையையும் அந்தக் குண்டு பல்புதான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கு.

போட்டி நடத்துறவங்க முதல்ல போர்டைப் பாருங்க. உள் அளவு 74 செ.மீ. சதுரம். பிளைவுட் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தரையிலிருந்து உயரம் 63.5லிருந்து 70 செ.மீ.க்குள்ள, வகுப்பு பெஞ்சு மேல வெச்சா சின்னப் பிள்ளைங்களுக்கு எட்டாது. வழுக்கல் சரியா இருக்கான்னு பார்க்க 15 கிராம் ஸ்ட்ரைக்கரைப் பேஸ் லைன்லிருந்து (ஸ்ட்ரைக்கரை வெச்சு அடிக்கிற ரெட்டைக் கோடு) முழு பலத்தோட அடிங்க. எதிர்ப்பக்கம் போய், திரும்பி, மறுபடி போய், பாதி தூரம் வரணும். மூன்றரைத் தடவைன்னு கணக்கு. ரெண்டுலயே நின்னா போர்டு ஈரம். உடனே பவுடரைக் கொட்டாதீங்க. எல்லாரும் செய்ற தப்பு இதுதான். ஈரத்துல போரிக் பவுடர் கட்டிப் பிடிச்சுக் காயோட அடியில ஒட்டும், அப்புறம் காய் நேராப் போகாது, வளையும். முதல்ல உலர்ந்த பருத்தித் துணியால ஒரே திசையில துடைங்க, வட்டமாத் தேய்க்காதீங்க. 20 நிமிஷம் குண்டு பல்பைப் போட்டு விடுங்க. அப்புறம் பவுடரை மெல்லிய துணியில முடிஞ்சு லேசாத் தட்டுங்க. போர்டு வெள்ளையாத் தெரிஞ்சா அதிகம், தடவிப் பார்த்தா விரல்ல தெரியணும், அவ்வளவுதான். காய்களோட விளிம்பையும் துடைங்க, அதை யாருமே செய்றதில்ல. ராத்திரி போர்டைச் சுவர்ல சாய்ச்சு வைக்காதீங்க. ஒரு பக்கம் வளைஞ்சிடும், எந்தப் பவுடரும் அதுக்கு உதவாது.

வியாசர்பாடி இயற்பியல்

பி.டி. சார், இளவழகி 2008ல பிரான்ஸ்ல உலகப் பட்டம் வாங்கினது எங்க வியாசர்பாடியிலிருந்து. பேப்பரும் பேனாவும் எங்களுக்கும் தெரியும். பேப்பரால காட்ட முடியாத ஒண்ணைச் சொல்றேன்.

ஸ்ட்ரைக்கர் பேஸ் லைன் ரெண்டையும் தொட்டே இருக்கணும். கோடுகளுக்கு நடுவுல 3.18 செ.மீ., ஸ்ட்ரைக்கர் 4.13 செ.மீ. முன்ன பின்ன நகர்த்த மிச்சம் 0.95 செ.மீ.தான். 'தொட்டுச்சு', 'தொடல'ன்னு சண்டை. பக்கவாட்டுல நின்னு எடுத்த வீடியோவுல தொடாத மாதிரியே இருந்தது. ஃபவுல் கொடுத்துட்டாங்க. இன்னொரு பையன் நேர் மேலேயிருந்து எடுத்ததைப் போட்டதும் தெரிஞ்சது, ரெண்டு கோடும் ஸ்ட்ரைக்கருக்கு அடியில மறைஞ்சு இருக்கு. ஸ்ட்ரைக்கருக்குத் தடிமன் உண்டு, சாய்ச்சுப் பார்த்தா அதோட மேல் விளிம்பு இடம் மாறித் தெரியும். ஸ்கேலைச் சாய்ச்சுப் படிக்காதேன்னு ஒன்பதாம் வகுப்புல சொல்றது இதைத்தான்.

அதனால போன் போர்டுக்கு நேர் மேல, ஒரு மீட்டர் உயரத்துல. நாலு பாக்கெட்டும் திரையில ஒரே அளவாத் தெரியுதான்னு பாருங்க, ஒண்ணு பெருசாத் தெரிஞ்சா போன் சாய்ஞ்சிருக்கு. ஸ்லோ மோஷன் 240 பிரேம்ல எடுத்தா, மட்டமான எல்இடி பல்புக்குக் கீழ ஒரு பிரேம் வெளிச்சம், அடுத்தது மங்கல்னு துடிக்கும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல்பு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குது. ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல எடுங்க. இல்லைனா சார் சொன்ன அதே குண்டு பல்பு. இழை சட்டுன்னு ஆறாது, துடிப்பு ரொம்பக் குறையும்.

ராயபுரம் தமிழ் ஐயா

சுருக்கமாக ஒன்று. அந்த வீடியோவைப் பெரிய திரையில் காட்டுவதற்காக போனின் டைப்-சி துளையில் செருகும் எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கப்பட்டது. போன் சார்ஜ் ஆனது. திரையில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும். அடாப்டர் மாற்றி, கேபிள் மாற்றி, ஒரு பீரியட் முழுவதும் போயிற்று. நாற்பது பிள்ளைகளும் அந்த நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைப்-சி துளை இருந்தாலே படம் வெளியே வரும் என்பதில்லை. போனின் விவரக் குறிப்பில் 'டிஸ்ப்ளே போர்ட்' அல்லது 'வீடியோ அவுட்' என்று இருக்க வேண்டும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. வீடியோவை லேப்டாப்புக்கு மாற்றி, அங்கிருந்து எச்டிஎம்ஐ போடுவதே நிச்சயமான வழி.

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர்

ரெட்டுக்கு ஃபாலோ சார் சொன்னபடி போர்டுக்கு ஒரு வரின்னு மாத்தியாச்சு. பி.டி. சார் சொன்ன கையெழுத்துத் தாளும் இருக்கு, அது ஷீட்டுக்குப் பக்கத்துலயே. பழைய தேதிகளை மீட்டதையும் சொல்லிடறேன், யாருக்காவது உதவும். டெக்ஸ்ட் ஆக்காம, தேதியாவே விட்டுட்டு பக்கத்துக் கட்டத்துல டே ஃபார்முலா போட்டா 25 வரும், மந்த் ஃபார்முலா போட்டா 8 வரும். ஏற்கெனவே 45894 ஆகியிருந்தாலும் பரவாயில்ல. பக்கத்துக் கட்டத்துல போடுற ஃபார்முலா அந்த எண்ணையே எடுத்துக்கும், அதே 25ம் 8ம் கிடைக்கும். நவம்பர் 25 ஆன ஆட்டமும் அப்படித்தான் திரும்பி வந்துச்சு, 25க்கு 11.