மூன்றாம் பிறை ஓட்டுல தேறாத படமா?

கொடை_மூடுபனி:
உங்க ஊர்ல எடுத்த படம்னு கேத்திக்காரங்க மூன்றாம் பிறையைத் தலையில தூக்கிவச்சு ஆடுனது போதும். ஐஎம்டிபி-ன்னு இணையதளத்துல ரசிகர்கள் பத்துக்கு மார்க் போட்டு வர்ற டாப் 250 படப் பட்டியலை மேலிருந்து கீழ வரைக்கும் தேடுங்க, இருக்காது. மக்கள் ஓட்டுல தேறல. அவ்வளவுதான்.

கேத்தி_ஸ்டேஷன்:
அப்போ கமலுக்கும் பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருது குடுத்தவங்க எல்லாம் கேனைங்க?

கொடை_மூடுபனி:
விருது நடுவர் குடுக்கறது. நான் பேசறது ஓட்டு.

குன்னூர்_கணக்கு:
பரீட்சை ஹாலுக்குள்ளயே விடாம, தேறலைன்னா எப்படி தம்பி? அந்தப் பட்டியல்ல நுழையவே 25,000 ஓட்டு வேணும். 24,999 பேர் பத்துக்குப் பத்து போட்டாலும் வாசல்லதான் நிக்கணும். உள்ள போனாலும் போட்ட மார்க் அப்படியே நிக்காது. அவங்க முன்னாடி வெளியிட்ட சூத்திரத்துல, நம்ம ஓட்டோட சுமார் 7 மார்க்ல 25,000 கற்பனை ஓட்டைக் கலந்துடுவாங்க. 25,000 பேர் 9 போட்டா கிடைக்கறது 8. 75,000 பேர் அதே 9 போட்டா 8.5. ஆள் எண்ணிக்கைதான் வித்தியாசம்.

கொடை_மூடுபனி:
ஆள் சேராத படம்னு நீங்களே சொல்லிட்டீங்க. நன்றி.

குன்னூர்_கணக்கு:
25,000-ங்க. இன்னொரு தடவை படிங்க. 1982-ல கொட்டகையில அழுதுட்டு வந்தவர் இப்போ கணக்குத் திறந்து நட்சத்திரம் தட்டிட்டு இருப்பாரா? பத்தாததுக்கு 1983-ல அதே கதையை அதே பாலு மகேந்திரா இந்தியில சத்மான்னு எடுத்தார். அதுக்குத் தனிப் பக்கம், தனி ஓட்டு. ஒரு கதைக்கு ரெண்டு பெட்டி.

கோத்தகிரி_தேயிலை:
ஓட்டே கோல்மால். 2008-ல டார்க் நைட் பட ரசிகர்கள், அப்போ முதலிடத்துல இருந்த காட்ஃபாதர் படத்துக்கு வெறும் 1 மார்க்கா குத்தினாங்க. அந்த அடிதடியில ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன் முதலிடத்துல போய் உக்காந்துச்சு. 100 பேர் 9 போட்ட படத்துக்கு 10 பேர் 1 போட்டா சராசரி 8.27.

குன்னூர்_கணக்கு:
அது பள்ளிக்கூடச் சராசரி. இந்த மாதிரி குத்தைச் சமாளிக்கத்தான் ஓட்டுக்கு ஓட்டு எடை மாத்தறாங்க, எப்படின்னு வெளிய சொல்றதில்ல. பேச்சை மாத்தாதீங்க. 25,000.

கேத்தி_ஸ்டேஷன்:
ஸ்ரீதேவிக்கு அந்த வருஷம் தேசிய விருது இல்லைங்கறதை ஏன் யாரும் பேசறதில்ல? அர்த் படத்துக்காக ஷபானா ஆஸ்மிக்குப் போச்சு. கடைசியில மழைச் சேத்துல கமல் குரங்காட்டம் ஆடறார். ரயில் ஜன்னல்ல ஸ்ரீதேவி முகத்துல அவரை அடையாளம் தெரிஞ்ச சாயலே இருக்காது. அது நடிப்பு இல்லையா?

கொடை_மூடுபனி:
எங்க கொடைக்கானல்ல எடுத்த கமல் படம் குணாவைப் பாருங்க. 1991 தீபாவளிக்கு தளபதியோட ஒரே நாள்ல வந்து அடிவாங்கின படம். அதை எடுத்த குகையை இன்னிக்கு டெவில்ஸ் கிச்சன்னு பழைய பேர்ல சொன்னா யாருக்கும் தெரியாது, குணா குகைதான். 2024-ல அதே குகையை வச்சு மஞ்சும்மல் பாய்ஸ்னு மலையாளப் படம் வந்து ஊரையே திரும்பிப் பார்க்க வச்சுது.

கேத்தி_ஸ்டேஷன்:
சரி, குணா 250-ல எத்தனாவது?

கொடை_மூடுபனி:
அதுக்கு 25,000 ஓட்டு வேணும்ல.

குன்னூர்_கணக்கு:
அடடே! இப்போ மட்டும் கண்ணு தெரியுதா?

கொடை_மூடுபனி:
குணா வேற கதைங்க. உங்க படம் 250-ல இல்ல.

கோத்தகிரி_தேயிலை:
எடை மாத்தறதுன்னா அதுவும் கோல்மால்தானே?

குன்னூர்_கணக்கு:
25,000!