உங்கட குளத்தில கண்ட புதுமீன்: வலையில வந்ததை எழுதுங்கோ

மாங்குளம் பக்கத்து ஆள்

போன மாரிக்குப் பிறகு விடியப்புறம் வலை இழுக்கேக்க கனமா ஒண்டு வந்தது. விரால் எண்டு சந்தோசப்பட்டன். பாத்தால் கறுத்த மீன், உடம்பு முழுக்கத் தகடு, வயித்தில புழு ஊர்ந்த மாதிரிக் கோடுகள், வாய் அடிப்பக்கத்தில. முதுகு முள்ளு சிக்கி மூண்டு கண்ணியை வெட்டித்தான் எடுத்தனான். வீட்டை கொண்டு போய்க் காட்ட மகள் சொன்னாள், "அப்பா, இது கண்ணாடித் தொட்டியில விடுற டாங்க் கிளீனர்."

கரையில ஒரு மணித்தியாலத்துக்கு மேல கிடந்தும் சாகேல்லை. தென்னமெரிக்க மீன். காத்தை விழுங்கி இரைப்பையால மூச்சு விடும். கரையில எறிஞ்சா செத்திடும் எண்டு நம்பிப் போட்டு வராதேங்கோ. திரும்பத் தண்ணிக்குள்ள விடவே வேண்டாம். கரையில வளை தோண்டித்தான் முட்டை போடும், மண்கட்டுக்கு அது நல்லதில்லை.

அண்டு தொடக்கம் ஒரு கொப்பி வைச்சிருக்கிறன். திகதி, எந்த வலை, எத்தினை யப்பான் மீன், எத்தினை விரால், ஆரால், கெளுத்தி. வராத மீனுக்கு நேர "இல்லை" எண்டு எழுதுறன். 1952 இல நாட்டுக்குக் கொண்டுவந்த திலாப்பியா, அதுதான் எங்கட யப்பான், இண்டைக்கு எங்கட அடுப்பை எரிய வைக்குது, அதை நான் பழிக்க மாட்டன். ஆனா அதுக்கு முந்தி எங்கட குளத்தில ஆரால் எவ்வளவு இருந்தது? கேட்டால் எழுதிவைச்ச ஒரு ஆளும் இல்லை.

கிளிநொச்சி

அண்ணை, உங்கட குளத்துத் தண்ணி கனகராயன் ஆத்தில விழுகுதோ எண்டு பாருங்கோ. அந்த ஆறு இரணைமடுக் குளத்துக்கு வந்து, பிறகு சுண்டிக்குளம் களப்புக்குப் போகுது. 2018 மார்கழி வெள்ளத்தில கதவு திறக்க, எங்கட வயலுக்குள்ள மீன் துள்ளினது. ஒரு சின்னக் குளம் வான் பாய்ஞ்சாலே காணும், இந்த மீன் கீழ எல்லா இடமும் வந்திடும்.

படம் எடுக்கேக்க பக்கத்தில ஒரு அடிமட்டம் வையுங்கோ. நீளம் தெரியாத படத்தை வைச்சு ஒண்டும் சொல்லேலாது.

ஒட்டுசுட்டான், ஒரு அம்மா

தம்பி, நான் வலை போடுறேல்லை. குளத்தில குளிக்கிறனான். போன கிழமை தாமரையடியில விரால் பார்ப்பு கண்டனான். செம்மஞ்சளாக் கூட்டமா மேல வந்து வந்து போகுது, தாய் கீழ கறுப்பா நிண்டு காவல். கல்லு விழுந்த மாதிரி ஒரு சத்தத்தோட என்ர காலடிக்கு வந்திட்டுத் திரும்பினது. அஞ்சாறு வருசமாக் காணாத காட்சி.

இதையும் உங்கட கொப்பியில எழுதலாமோ?