அமெரிக்க அருங்காட்சியக ஊழியர்களின் கூட்டுப் பேர உரிமை: காசு இல்லையா, மனசு இல்லையா?

செந்தூரன்:
ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியக ஊழியர்கள் 2020 ஆகஸ்டில் வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். முதல் ஒப்பந்தம் கைக்கு வந்தது 2022 அக்டோபரில், அதுவும் 19 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, ஓவியர் மத்தீஸின் கண்காட்சி திறக்கச் சில நாட்களே இருக்கையில். 1935இன் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் நிர்வாகத்தைச் சங்கத்தோடு நல்லெண்ணத்தோடு உட்கார்ந்து பேசச் சொல்கிறதே தவிர, எதற்கும் ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. இழுத்தடிக்க இதைவிட என்ன வேண்டும்? கெடு தாண்டினால் முதல் ஒப்பந்தத்தை நடுவர் முடிக்க வேண்டும் என்று சட்டம் வர வேண்டும்.

வரவுசெலவு:
நடுவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுவார். பணத்துக்கு எங்கே போவது? ஓர் அருங்காட்சியகத்துக்கு 10 கோடி டாலர் மூலதன நிதி (நன்கொடையாகச் சேர்ந்த நிரந்தர முதலீடு) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 5 சதவீதம் எடுத்தால் 50 லட்சம். அதில் பாதி நன்கொடையாளரின் நிபந்தனையில் கட்டுண்டது என்றால் (இன்ன பதவிக்கு, இன்ன வகைப் பொருள் வாங்க) கையில் மிஞ்சுவது 25 லட்சம். 200 பேருக்குத் தலா 5,000 டாலர் உயர்த்தினால் அதில் 10 லட்சம் போச்சு. சுவரில் தொங்குவதை விற்றும் சம்பளம் தர முடியாது. விற்ற பணம் வேறு கலைப்பொருள் வாங்கவும் சேகரிப்பை நேரடியாகப் பராமரிக்கவும் மட்டுமே என்பது துறையின் நெறி.

செந்தூரன்:
கணக்கு சரிதான். அதைப் பேச்சு மேசையில் சொல்லச் சொல்லுங்கள், பார்ப்போம். "கொடுக்க வசதியில்லை" என்று நிர்வாகம் வாய் திறந்த நிமிடமே கணக்கைக் காட்டு என்று சங்கம் கேட்கலாம். 1956இல் ட்ரூயிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அதனால்தான் வக்கீல்கள் "வசதியில்லை" என்ற சொல்லையே தொடாமல் "விருப்பமில்லை" என்று பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள். அப்படிப் பேசினாலும் வரித்துறைக்குத் தரும் 990 படிவம் பொது ஆவணம்தானே. அதன் டி அட்டவணையில் மூலதன நிதியில் எத்தனை சதவீதம் கட்டுண்டது என்று இருக்கும், ஏழாம் பகுதியில் இயக்குநரின் சம்பளம் இருக்கும். பேச்சுக்குப் போகும் முன் ஐந்தாண்டுப் படிவங்களையாவது பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

மூன்றாம்மணி:
இருவரும் சம்பளத்திலேயே நிற்கிறீர்கள். பல முயற்சிகள் அதற்கு முன்பே, சங்கத்துக்குள் யார் யார் என்ற இடத்தில் தடுக்கிவிடுகின்றன. 30 சதவீதம் பேர் கையெழுத்திட்டால் தேர்தல் கேட்கலாம், ஆனால் எந்த 30 சதவீதம்? காவலர்களையும் மற்றவர்களையும் ஒரே அலகில் (சேர்ந்து பேரம் பேசும் ஊழியர் தொகுதியில்) வைக்க, தேர்தலை நடத்தும் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்துக்கு 1947 முதல் அதிகாரம் இல்லை. கூடத்தில் நிற்கும் உதவியாளர் காவலரா, வழிகாட்டியா? சொத்தைக் காக்கும் விதிகளைச் சக ஊழியர் மீதும் அமல்படுத்துவது அவர் வேலை என்றால் காவலர். ஆகவே மனு போடும் முன் பணி விவரத் தாளை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். காப்பாட்சியர்கள், பொருள் பாதுகாப்பு வல்லுநர்கள் போன்ற தொழில்முறை ஊழியர்களை மற்றவர்களோடு சேர்க்க வேண்டுமானால் அவர்கள் பெரும்பான்மையாகத் தனி வாக்கில் சம்மதிக்க வேண்டும். அவர்களின் வாக்குச் சீட்டில் இரண்டு கேள்வி இருக்கும்: சேர்ந்திருக்கலாமா, சங்கம் வேண்டுமா. முதல் கேள்வியை விளக்காமல் விட்டால் அலகு பிளந்துபோகும்.

வரவுசெலவு:
காப்பாட்சியருக்கு எதற்குச் சங்கம்? என்ன வாங்குவது, எதைக் காட்டுவது என்று முடிவெடுப்பவரே அவர். கல்விக் கொள்கையைத் தீர்மானிக்கும் பேராசிரியர்கள் நிர்வாகத் தரப்பு என்று 1980இல் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்றே.

மூன்றாம்மணி:
யெஷிவாவில் பேராசிரியர்கள் கூடி எடுத்த முடிவு பெரும்பாலும் அப்படியே நடந்தது. காப்பாட்சியர் பரிந்துரைக்கிறார், குழு நிராகரிக்கிறது. இரண்டும் ஒன்றாகுமா? கீழே ஆள் எடுக்க, நீக்க, தண்டிக்கச் சொந்தப் பொறுப்பில் அதிகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்; இருந்தால்தான் அவர் மேற்பார்வையாளர், அலகுக்கு வெளியே. உதவிக் காப்பாட்சியர் பலருக்கு அது கிடையாது.

இதெல்லாம் தனியார் அமைப்புகளுக்கு. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களில் உள்ள கூட்டாட்சி அரசு ஊழியர்களுக்குச் சங்கம் உண்டு, சம்பள விகிதம் பேரத்துக்கு வெளியே, வேலைநிறுத்தம் தடை. மாநில அரசு தொட்ட அமைப்புகள் இதைவிட வம்பு. மாநிலமே நேரடியாக உருவாக்கியதா, அல்லது நடத்துபவர்கள் அரசு அதிகாரிகளுக்கோ வாக்காளர்களுக்கோ பதில் சொல்ல வேண்டியவர்களா என்பது 1971 ஹாகின்ஸ் கவுன்டி வழக்கு தந்த அளவுகோல். ஒன்றுக்கு ஆம் என்றாலும் தேசிய வாரியம் கைகழுவிவிடும். அங்கே "நாங்கள் அரசு" என்று தப்பிய நிர்வாகம், மாநில வாரியத்திடம் "நாங்கள் தனியார்" என்று சொல்ல முடிந்தால் ஊழியர் நடுவில் தொங்குவார். செந்தூரன் கேட்கும் நடுவர் அவருக்கு எப்படி வருவார்? மாநிலச் சட்டத்தில் "பொது முதலாளி" என்ற வரையறைக்குள் அந்த அமைப்பைப் பெயர் சொல்லிச் சேர்க்கும் திருத்தத்தை முதலில் கேளுங்கள்.

வரவுசெலவு:
அதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. நடுவருக்குத்தான்.