மறு: புரோட்டியேஸ் = புரத அழிப்பி?

அண்ணே, புரோட்டியேஸுக்கு (புரதத்தை வெட்டுற நொதி, அதாவது என்சைம்) நீங்க சொன்ன 'புரத அழிப்பி' கேக்க கம்பீரமாத்தான் இருக்கு, ஆனா எனக்கு நெருடுது. தாவர மைட்டோகாண்ட்ரியாவுல (செல்லுக்கு ஆற்றல் தர்ற உறுப்பு; இழைமணின்னே போட்டுக்குறேன், அதுல நமக்குள்ள சண்டை இல்ல) இருக்குற புரோட்டியேஸ் பத்தின ஒரு முனைவர் ஆய்வேட்டுக்கு தமிழ்ச் சுருக்கம் எழுதிட்டிருக்கேன், ரெண்டாவது பத்தியிலயே மாட்டிக்கிட்டேன்.

விஷயம் என்னன்னா, இழைமணிக்கு வேணுங்கிற புரதத்துல பெரும்பாலானது வெளிய தயாராகித்தான் உள்ள வருது, வரும்போது தலைப்புல ஒரு துண்டு ஒட்டியிருக்கும், பார்சல்ல ஒட்டுற அட்ரஸ் சீட்டு மாதிரி. உள்ள வந்ததும் எம்பிபின்னு ஒரு நொதி அந்தச் சீட்டை மட்டும் கத்தரிச்சு விட்டுடும். புரதம் அழியல, அதுக்கப்புறம்தான் ஒழுங்கா மடிஞ்சு வேலைக்கே போகுது! இதைப் போய் அழிப்பின்னா, முடிவெட்டுறவரைத் தலைவெட்டின்னு சொன்ன கதைதான். (செடியில இந்த நொதி தனியா மிதக்குறதில்ல, ஆற்றலைப் பிரிச்செடுக்குற புரதக் கூட்டமைப்புகளோட வரிசையான சுவாசச் சங்கிலியில, மூணாவது கூட்டமைப்புலயே பொதிஞ்சு கெடக்கு.)

கத்தரிச்ச சீட்டு அப்படியே கெடந்தா சவ்வைக் குலைச்சு மின்னழுத்தத்தை இறக்கிடும். அதைத் தின்னு தீக்கத்தான் இன்னொரு நொதி, பிரெப்னு பேரு, துத்தநாகத்தை வச்சு வேலை செய்யுறது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்துல எல்ஸ்பியெட்டா கிளாசர் குழு 2002-ல உருளைக்கிழங்கு இழைமணியிலிருந்துதான் இதைப் பிரிச்செடுத்தாங்க. பசுங்கணிகத்துலயும் (குளோரோபிளாஸ்ட்) இதேதான் குப்பை அள்ளுது.

அதனால ஒரே சொல் போதாது. நுனியை மட்டும் எடுக்குறது கொய்நொதி, பூக்கொய்யுற மாதிரி. பொடிப்பொடியாக்குறது அரிநொதி, அரிவாள்மனையில கிழங்கு அரியுற அதே அரி. ரெண்டுக்கும் பொதுவா புரதப்பகுப்பி. புரதவெட்டி வேணாம், வெட்டியாயிடும் :-)

---

தம்பி, கொய்நொதி நல்லாயிருக்கு. நாங்கள் பள்ளிக்கூடத்தில நொதியம் எண்டுதான் படிச்சனாங்கள், ஆனா கூட்டுச்சொல்லில நொதி எண்டா வாய்க்குச் சுகம், அதால விடுறன். அரிநொதிதான் இடிக்குது. ஆரும் கேட்டா தோல் அரிப்புக்கு மருந்தோ எண்டு கேப்பினம். அதோட, அரியிற நொதி எண்டா நல்ல புரதத்தையும் சேத்து அரிஞ்சு போடாதோ? அதுக்குச் சொல்லில ஏதும் குறிப்பு வேணும்.

---

அண்ணா, அரிப்பு மருந்துன்னு படிச்சதும் சிரிச்சுட்டேன். ஆனா ரெண்டாவது கேள்வியிலதான் விடையே இருக்கு. பிரெப்போட வடிவத்தை 2006-ல அராபிடாப்சிஸ்ல (கடுகு குடும்பத்துச் சின்னச் செடி) எடுத்ததை வச்சுப் பாத்தாங்க, ரெண்டு கிண்ணத்தைக் கவுத்து ஒண்ணோட ஒண்ணு மூடி நடுவுல கீல் வச்ச மாதிரி இருக்கு, வெட்டுற எடம் உள்ளுக்குள்ள. மடிஞ்ச முழுப் புரதம் அதுக்குள்ள நுழையவே முடியாது, 10-லேர்ந்து 65 அமினோ அமிலம் வரை நீளமுள்ள துணுக்குதான் போகும். அப்ப துணுக்கரின்னு வச்சுட்டா? எதை அரியுதுன்னும் தெரியுது, சொறியவும் வேணாம்.

மூத்தவரே, நீங்க முதல்ல சொன்ன அழிப்பியையும் நான் தூக்கிப் போடல. லோன், எஃப்டிஎஸ்ஹெச் மாதிரி வேற புரோட்டியேஸ் ஆளுங்க ஏடிபி (செல்லோட எரிபொருள்) செலவு பண்ணி, கோணலா மடிஞ்ச முழுப் புரதத்தையே இழுத்துப் போட்டு நொறுக்குதுங்க, அதுங்களுக்கு அழிப்பி பொருந்தும். லோன்னு தமிழ்ல எழுதினா பேங்க் ஞாபகம் வருது, அதுக்கு நான் என்ன பண்ண.

சுருக்கத்துல கொய்நொதி, துணுக்கரி, அழிப்பின்னு மூணையும் மாத்திட்டேன். திங்கக்கிழமை அனுப்பணும், 'மூணாவது கூட்டமைப்பு'ங்கிறதுக்கு நறுக்குன்னு ஒரு சொல் யார்கிட்டயாவது இருந்தா அதுக்குள்ள சொல்லுங்க.