கேட்-கேம் செய்முறைத் தேர்வில் மாணவர் கற்றதை எப்படி அளப்பது?

கேள்வி: பாலக்காடு விரிவுரையாளர்

வாளையாறு எல்லையை ஒட்டிய பாலிடெக்னிக் ஒன்றில் கேட்-கேம் (கணினியில் வடிவமைத்து, கணினி வழியே இயந்திரத்தில் உருவாக்கும் முறை) பாடம் நடத்துகிறேன். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்திலிருந்து தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்கள் என் வகுப்பில் பலர் உண்டு. சென்ற செய்முறைத் தேர்வில் கொடுத்த வரைபடத்தை அச்சுப் பிசகாமல் முப்பரிமாண மாடலாக்கிய ஒருவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன். மறுநாள் அதே கோப்பில் தட்டின் நீளத்தை 80 மி.மீ.யிலிருந்து 100 மி.மீ. ஆக்கச் சொன்னபோது, வலது ஓரத்திலிருந்து 15 மி.மீ. உள்ளே இருக்க வேண்டிய துளை நகராமல் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. படம் சரி, அளவு கொடுத்த முறை தவறு. இதை மதிப்பெண்ணில் எப்படிக் கொண்டுவருவது?

பதில்: பாறசாலை ஆசிரியர்

ஐயா, நீங்கள் மறுநாள் செய்ததைத் தேர்வுக்குள்ளேயே செய்துவிடுங்கள். மாடல் முடிந்ததும் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து, பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பழைய நீளத்தோடு கூட்டிப் புதிய நீளமாக வைக்கச் சொல்கிறேன். பென்டிரைவில் அடுத்தவனிடமிருந்து வந்த கோப்பு அங்கே பல்லிளித்துவிடும். 50 மதிப்பெண்ணில் 20 இந்த மாற்றத்துக்கே. வாய்மொழிக் கேள்வியைத் தமிழில் கேட்டால், ஆங்கிலத்தில் வாயடைத்து நிற்பவனும் தெளிவாகச் சொல்கிறான்.

பதில்: கஞ்சிக்கோடு சிஎன்சி பணியாளர்

சார், கணினி நிரலால் இயங்கும் சிஎன்சி இயந்திரங்களில் எங்களிடம் பயிற்சிக்கு வரும் பையன்கள் சிமுலேஷனை, அதாவது திரையில் காட்டும் மாதிரி ஓட்டத்தை, நம்பியே ஏமாறுகிறார்கள். லேத் எனும் கடைசல் இயந்திரத்தின் நிரலில் எக்ஸ் பெரும்பாலும் விட்டத்தைக் குறிக்கும். அதை ஆரமென நினைத்து 30 மி.மீ. தண்டுக்கு எக்ஸ் 15 என்று எழுதினாலும் திரையில் தடங்கலின்றி ஓடும். நேரான தண்டை மட்டும் கடையச் சொன்னால் டூலின் நோஸ் ரேடியஸை (வெட்டுமுனையின் வளைவு ஆரத்தை) ஈடுசெய்ய மறந்தவனும் தேறிவிடுவான், ஏனெனில் அந்தப் பிழை டேப்பரிலும் (கூம்புச் சரிவிலும்) வளைவிலும்தான் தெரியும். ஆகவே ஒரு டேப்பராவது கேளுங்கள். அளவெடுப்பதையும் விட்டுவிடாதீர்கள்: எச்7 என்ற அளவு வரம்பு குறித்த 20 மி.மீ. துளை 20.000-க்கும் 20.021-க்கும் இடையில் இருக்க வேண்டும், அதை 0.02 மி.மீ. வரை மட்டுமே காட்டும் வெர்னியரால் சோதிப்பவனுக்கு டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் விலகல்) இன்னும் புரியவில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இயந்திரம் ஒன்று, மாணவர்கள் 30 பேர். எல்லோரையும் கடைய வைக்க நேரமில்லையே?

பதில்: கஞ்சிக்கோடு சிஎன்சி பணியாளர்

அச்சிட்ட நிரலில் இரண்டு பிழைகளை நீங்களே புகுத்திக் கொடுங்கள், சார். ஸ்பிண்டிலை (சுழல்தண்டை) சுற்றவிடும் எம்03 கட்டளையை நீக்கிவிடுங்கள், வளைவில் வலஞ்சுழியான ஜி02-வை இடஞ்சுழியான ஜி03 ஆக்கிவிடுங்கள். காகிதத்தில் அதைக் கண்டுபிடிப்பவனை இயந்திரத்தின் அருகே விடலாம்.