அவசரம்: பிரின்ஸ் கேம், ரீவில சத்தம் இல்ல

உப்புவெளிக்காரன்:
லப்டொப்பில பழைய "பிரின்ஸ் ஒஃப் பேர்சியா" கேமைப் போட்டு ரீவிக்குக் குடுத்தன். படம் வருது, சத்தம் ஒரு சொட்டும் இல்ல. ரீவி வொலியூம் முழுக்கக் கூட்டியும் பாத்தாச்சு. பின்னேரம் மச்சாள் ஆக்கள் பிள்ளையளோட வருவினம். கெதியாச் சொல்லுங்கோ.

கறுப்புத்திரை:
எந்தப் பிரின்ஸ்? 1990 டொஸ் கேமா, 2003ல வந்ததா? எந்த விண்டோஸ்? டொஸ்பொக்ஸ், அதான் பழைய டொஸ் கேமை விண்டோஸில ஓட்டுற புரோகிராம், போட்டதா?

நிலாவெளி:
படமும் சத்தமும் ஒண்டாப் போற எச்டிஎம்ஐ வயர் எண்டா லேசு. கீழ வலப்பக்கம் ஸ்பீக்கர் படத்தில ரைட் கிளிக், பிளேபக் டிவைசஸ், அதில ரீவின்ர பேரை டிபோல்ட் ஆக்குங்கோ. கேமை மூடித் திறக்கோணும். ஓடிக்கொண்டிருக்கிற டொஸ்பொக்ஸ் பழைய ஸ்பீக்கரிலயே நிண்டிடும்.

சுண்டல்:
கொன்ட்ரோல் எஸ் அமத்துப்பட்டிருக்கும். அந்தக் கேமில சத்தத்தை நிப்பாட்டுறது அதுதான். திரும்ப அமத்துங்கோ, சரி.

கடற்காத்து:
உப்புவெளி எண்டா நான் முதல்ல லப்டொப்பில ஹெட்போன் குத்துற ஜக்கைத்தான் பாப்பன். உப்புக் காத்துக்கு உள்ள கறள் பிடிச்சிடும். வயரைக் குத்தி நாலைஞ்சு தரம் சுத்திப் பாருங்கோ, இல்லாட்டி ஐசோபுரோபைல் அற்ககோலில துடையுங்கோ.

பழைய புளொப்பி:
தம்பி, "ரீவிக்குக் குடுத்தன்" எண்டு எழுதினா எந்த வயர் எண்டு நாங்கள் வெத்திலையில மை போட்டே பாக்கிறது? கேள்வியை ஒழுங்காக் கேட்டாப் பாதி வேலை முடிஞ்சுது. இஞ்ச எத்தினை தரம் சொல்லியாச்சு.

திருமலை அக்கா:
அவர் அவசரத்தில நிக்கிறார், விடுங்கோ அண்ணை. தம்பி, வயரின்ர தலை நீல நிறமோ? ரெண்டு பக்கமும் திருகாணி இருக்கோ?

உப்புவெளிக்காரன்:
ஓம் அக்கா, நீலம், திருகாணி இருக்கு. விண்டோஸ் 7. கேம் பழசு, டொஸ்பொக்ஸில ஓடுது. லப்டொப்பில சத்தம் கேக்குது. பிறகு இன்னும் இருக்கு: இடைக்கிடை ஏதோ பெட்டி வந்து கேம் நிக்குது. இளவரசனைப் பாயச் சொன்னாப் பிந்திப் பாயுறார். ஆளும் குண்டா இருக்கிறார்.

திருமலை அக்கா:
அப்ப விசயம் முடிஞ்சுது. அது விஜிஏ. 15 பின்னும் படத்துக்குத்தான், சத்தம் அதால போகவே போகாது. எந்த செட்டிங்கை மாத்தியும் பலனில்ல. ரெண்டு பக்கமும் 3.5 மிமீ தலை உள்ள, சத்தத்தைக் கொண்டு போற ஓக்ஸ் வயர் ஒண்டு வேணும். மத்திய வீதியில போன் சாமான் விக்கிற கடையளில கேளுங்கோ. ஒரு தலை லப்டொப் ஹெட்போன் ஓட்டைக்கு, மற்றது ரீவிக்குப் பின்னால விஜிஏக்குப் பக்கத்தில "பிசி ஓடியோ இன்" எண்டு இருக்கிற ஓட்டைக்கு. ரீவில சோர்ஸ் "பிசி" எண்டு நிக்கோணும், இல்லாட்டி அந்த ஓட்டையை ரீவி கவனிக்காது. லப்டொப் வொலியூமை முக்கால்வாசியில விட்டு மிச்சத்தை ரீவில கூட்டுங்கோ. "உம்" எண்டு இரைஞ்சால் சார்ஜரைக் கழட்டிப் பாருங்கோ, அனேகமா நிண்டிடும்.

கறுப்புத்திரை:
பெட்டி வாறது ஸ்டிக்கி கீஸ். ஷிஃப்டை அஞ்சு தரம் தட்டினா விண்டோஸ் அதைத் திறக்கும். இந்தக் கேமில மெதுவா நடக்க, விளிம்பில தொங்க, போத்தல் குடிக்க எல்லாத்துக்கும் ஷிஃப்ட்தான், பிறகென்ன. கொன்ட்ரோல் பனலில ஈஸ் ஒஃப் அக்சஸுக்க போய் ஸ்டிக்கி கீஸின்ர ஷோர்ட்கட்டை எடுத்து விடுங்கோ. பில்டர் கீஸையும் எடுங்கோ. வலப்பக்க ஷிஃப்டை 8 செக்கன் பிடிச்சா அது வரும், தொங்கிக்கொண்டு யோசிக்கிற ஆக்களுக்குக் கட்டாயம் வரும்.

ஆள் குண்டாத் தெரியிறதுக்கு: கேமின்ர படம் 320க்கு 200, அந்தக் காலத்து 4:3 திரைக்குச் செய்தது. டொஸ்பொக்ஸ் கொன்ஃபிக் ஃபைலில அஸ்பெக்டை ட்ரூ ஆக்கி, அவுட்புட்டை ஓப்பன்ஜிஎல், ஃபுல்ரெசலூஷனை டெஸ்க்டொப் எண்டு மாத்துங்கோ. ரெண்டு பக்கமும் கறுப்பு விழும், அது சரிதான். பிந்திப் பாயுறது ரீவி படத்தை மெருகூட்ட எடுக்கிற நேரம். கேம் மோட் இருந்தாப் போடுங்கோ, நொய்ஸ் ரிடக்‌ஷனை நிப்பாட்டுங்கோ.

சுண்டல்:
இவ்வளவு கரைச்சலுக்கு 2010ல வந்த பிரின்ஸ் சினிமாப் படத்தைப் போட்டுக் காட்டலாமே. கதை அதேதானே.

பழைய புளொப்பி:
அதே கதையோ! படம் 2003 கேமை வச்சு எடுத்தது. காலத்தைப் பின்னால திருப்புற குத்துவாள் பழைய கேமில எங்க இருக்கு? அதில 60 நிமிசம், ஒரு நிலவறை, ஒரு மந்திரி, அவ்வளவுதான்.

சுண்டல்:
ரெண்டிலயும் இளவரசன் பாயுறான், இளவரசி இருக்கிறா. பிள்ளையளுக்கு அது காணும்.

நிலாவெளி:
பழசின்ர வாள்ச்சண்டையே சினிமாவில இருந்து வந்ததுதான். கேமைச் செய்த ஜோர்டன் மெக்னர் 1938 ரொபின் ஹூட் படத்துச் சண்டையைப் பிரேம் பிரேமாப் பாத்து வரைஞ்சவர். ஓட்டமும் பாய்ச்சலும் அவர் தன்ர தம்பியை ஓட விட்டு வீடியோ எடுத்தது. அதுதான் இண்டைக்கும் ஆள் நடக்கிற மாதிரியே நடக்குது. 2010 படத்தில பாய்ச்சல் எல்லாம் வெட்டி வெட்டி ஒட்டினது, ஒரு முழுப் பாய்ச்சல் காணக் கிடைக்காது.

சுண்டல்:
குடும்பத்தோட இருந்து பாக்கிற ஆக்கள் பிரேம் எண்ணிறேல்ல அண்ணை.

கடற்காத்து:
ஜக்கைத் துடைச்சவரோ இல்லையோ?

உப்புவெளிக்காரன்:
ஓக்ஸ் வயர் வேலை செய்யுது, நன்றி அக்கா. இப்ப லெவல் 1 முடிய ஒரு அறை முழுக்கப் போத்தல். எதைக் குடிச்சாலும் சாகிறார்.

பழைய புளொப்பி:
அது கேமைக் காசு குடுக்காமல் கொப்பி பண்ணின ஆக்களைப் பிடிக்க வச்ச பூட்டு. கையேட்டில எத்தினையாம் பக்கம், எத்தினையாம் வரி, எந்தச் சொல் எண்டு கேக்கும். அந்தச் சொல்லின்ர முதல் எழுத்து எந்தப் போத்தலுக்கு மேல இருக்கோ அதைக் குடிக்கோணும். கையேடு இல்லாமல் கேமை எங்க எடுத்தனீர் எண்டு நான் கேக்கேல்ல.

கறுப்புத்திரை:
அதைத் தாண்டினா லெவல் 3ல இருந்து கொன்ட்ரோல் ஜி சேவ் பண்ணும், கொன்ட்ரோல் எல் திரும்ப எடுக்கும். ஷிஃப்டும் எல்லும் சேத்து அமத்தி லெவல் பாய வேண்டாம். லெவல் 4 வரைக்கும் விடும், ஆனா மிச்ச நேரத்தை 15 நிமிசமாக் குறைச்சுப் போடும்.